மோடம்: ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை

மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலைப்பகுதிகளைச் சேர்த்து ஒட்டியதுதான் மோடம். தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. கணினியின் 0, 1 இரண்டும் அதில் போக வேண்டுமென்றால் ஓசையாக மாற வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் வந்த பெல் 103 மோடத்தில், அழைக்கும் பக்கம் 0-க்கு 1,070 ஹெர்ட்ஸ், 1-க்கு 1,270 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். நொடிக்கு 300 பிட். ஓசையாக்குவது மாடுலேஷன், மறுமுனையில் அதைத் திரும்ப எண்ணாக்குவது டிமாடுலேஷன்.

இவற்றுக்கு நம் இயற்பியல் பாடநூல்களில் பண்பேற்றம், பண்பிறக்கம் என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. அப்படியானால் மோடம் 'பண்பேற்றி-பண்பிறக்கி' ஆகும். சொல்லி முடிப்பதற்குள் இணைப்பே அறுந்துவிடும். கலைச்சொல் பட்டியல்களில் இருப்பது 'இணக்கி'. இணங்கு என்றால் பொருந்து, உடன்படு, இணக்கு என்றால் பொருந்தச் செய், செய்வது இணக்கி. எதை எதோடு இணக்குகிறது என்றே சொல்லாத சொல் என்று முன்பெல்லாம் எனக்கு இதன் மேல் ஒரு குறை உண்டு. தொலைபேசி எண்ணைச் சுழற்றி இணையும் பழைய டயல்-அப் மென்பொருள்களைப் பிராட்பேண்டில் ஓட்டிப் பார்த்த பிறகு அந்தக் குறை போய்விட்டது.

அந்த மென்பொருள்களுக்குத் தெரிந்தது சீரியல் போர்ட், அதாவது பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் கணினி வாசல், ஒன்றுதான். அதன் மறுபக்கம் மோடம் இருக்கிறது என்று நம்பி, 1981-இல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் கொண்டுவந்த கட்டளைகளை அனுப்பும். 'ஏடிடிடி' என்றால் 'கவனி, டயல் செய், தொனி முறையில்' என்று பொருள். இன்று மறுபக்கம் இருப்பது டிசிபிசெர் போன்ற ஒரு சின்ன நிரல். பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸிலும் இப்படி ஒரு பொய் மோடம் உண்டு. ஏடிடிடி என்று அடித்து, தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் இணைய முகவரியைக் கொடுத்தால் போதும். அது டிசிபி என்ற இணைய நெறிமுறையில் ஓர் இணைப்பைத் திறந்துவிட்டு, 'கனெக்ட்' என்று பதில் சொல்லும். மென்பொருளுக்குச் சந்தேகமே வராது. இணைப்பு அறுந்தால் 'நோ கேரியர்' என்றுகூட வரும். கேரியர் என்பது ஊர்தி அலை. அப்படி ஓர் அலையை இந்த நிரல் கண்டதே இல்லை!

சரி, எல்லாம் ஒழுங்காக இணங்கிவிடுமா என்றால், இல்லை. எழுத்துகள் அழகாக வரும், கோப்பை இறக்கினால் கெட்டுப்போய் வரும். பெரும்பாலும் குற்றவாளி 255 என்ற பைட். தொலைவிலுள்ள கணினியோடு எழுத்துகளில் பேச, டிசிபியின் மேல் ஓடும் டெல்நெட் நெறிமுறையில் அது 'அடுத்து வருவது கட்டளை' என்பதற்கான அடையாளம். தரவிலேயே 255 இருந்தால் இரண்டு முறை அனுப்ப வேண்டும், வாங்குபவர் ஒன்றாகக் குறைக்க வேண்டும். ஒரு பக்கம் டெல்நெட் பேசி மறுபக்கம் வெறும் டிசிபி பேசினால் கணக்கு தப்பும். நிரலில் டெல்நெட் அமைப்பை மறுமுனைக்கு ஏற்ப மாற்றினால் சரியாகும்.

டிஎஸ்எல் மோடமும் கேபிள் மோடமும் இன்றைக்கும் உண்மையாகவே பண்பேற்றுகின்றன, அவற்றுக்குப் பழைய பொருள் அப்படியே பொருந்தும். இந்தச் சின்ன நிரலோ எதையும் ஏற்றுவதுமில்லை, இறக்குவதுமில்லை. 1980-களின் மென்பொருளையும் இன்றைய வலையையும் ஒன்றுக்கொன்று பொருந்த வைக்கிறது, அவ்வளவுதான். இதை 'மெய்நிகர் மோடம்' என்பார்கள். நான் 'மெய்நிகர் இணக்கி' என்றே எழுதுகிறேன்.