எட்டு டம்ளர் கணக்கை விட்டுவிடுங்கள்

அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிறுநீரகக் கல்லடைப்பு வலியோடு நேற்று வந்தவர் எனக்கு ஏழாவது ஆள். முப்பது வயதுக் கொத்தனார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால், "கரெக்டா எட்டு டம்ளர் குடிக்கிறேன் டாக்டர்" என்கிறார். நாள் முழுக்க வெயிலில் சாரத்தின் மேல் நிற்பவருக்கு அது எந்த மூலைக்கு?

ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிறார்களே, இந்த எட்டு எங்கிருந்து வந்தது? பலரும் காட்டுவது, 1945இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் சொன்ன இரண்டரை லிட்டர் கணக்கை. அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்றும் அதே இடத்தில் எழுதியிருந்தார்கள். அந்த வரியை எல்லோரும் விட்டுவிட்டார்கள். வெந்த சோற்றிலேயே மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். ரசமும் மோரும் தனி. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு எட்டு டம்ளரே தாராளமாக இருக்கலாம். சித்தாளுக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் கடும் வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வியர்வையாகப் போய்விடும். இருவருக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்?

டம்ளரை எண்ணாதீர்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள் என்றால் போதவில்லை. (பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டாலும் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.) ஏற்கெனவே கல் வந்தவர்களுக்கு, குடிப்பது எவ்வளவு என்பதைவிட, ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிறதா என்பதே முக்கியம்.

ஜவுளிக்கடைப் பெண்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்போடு மாதாமாதம் வருகிறார்கள். கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. முதலாளிகளே, தயவுசெய்து அந்தப் பெண்களைக் கழிப்பறைக்கும் போக விடுங்கள்.

வெயிலில் உழைப்பவர்கள் தாகம் வரும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம் நல்லது. ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரை கலந்த பொடி) வாங்கினால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது.

இதயம் பலவீனமானவர்களும் டயாலிசிஸில் இருப்பவர்களும் வாட்ஸப்பைப் பார்த்து நான்கு லிட்டர் குடிக்காதீர்கள். கால் வீங்கி, மூச்சு வாங்கி வந்து நிற்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

விலாவில் வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால் வாழைத்தண்டு ஜூஸ் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.