இருக்கையை விட்டு எழுந்தாலும் நிற்காத டிராக்டர்

இன்று கடையில் வாங்கும் புல்வெட்டும் டிராக்டரில், பிளேடு சுழலும்போது ஓட்டுபவர் இருக்கையிலிருந்து எழுந்தால் எஞ்சின் அணைந்துவிடும். 1960களில் அமெரிக்காவில் செய்த தோட்ட டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் காவல் கிடையாது. ஆள் கீழே விழுந்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும், பிளேடும் சுழன்றுகொண்டே இருக்கும். கைப்பிடியை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதி 1982இல் நடைமுறைக்கு வந்தது. அது நடந்தபடி தள்ளும் புல்வெட்டிகளுக்கு மட்டுமே. ஏறி ஓட்டும் வண்டிகள் அதில் சேரவில்லை.

இப்படி இருந்தும் இந்தப் பழைய டிராக்டர்களைத் தேடி வாங்குகிறார்கள் என்றால் காரணம் இரும்பு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961 வாக்கில் கொண்டுவந்த கப் கேடட் தோட்ட டிராக்டரின் பின்பக்கக் கியர்கள், ஃபார்மால் கப் என்ற உண்மையான வயல் டிராக்டரிலிருந்து வந்தவை. ஜான் டியர் 110 வந்தது 1963இல். இண்டியானாவின் சவுத் பெண்டில் பிறந்த வீல் ஹார்ஸும் இதே ரகம். இப்போதைய மலிவு வண்டிகளின் தகடு மடங்கும் இடத்தில் இவற்றில் வார்ப்பிரும்பு நிற்கிறது. கெட்டியான வண்டி என்றால் பத்திரமான வண்டி என்று நினைத்துவிடுவதுதான் ஆபத்து.

அப்படி ஒரு வண்டியை வாங்கினால் முதல் வேலை பெயின்ட் அல்ல, வயரிங். இருக்கைக்கு அடியில், உட்கார்ந்தால் மின்சாரம் பாயும் வகை சுவிட்ச் ஒன்று. எஞ்சின் சக்தியை பிளேடு போன்ற கருவிகளுக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. லீவரில் ஒன்று, கிளட்ச் பெடலில் ஒன்று. இந்த வண்டிகள் பலவற்றில் உள்ள பழைய கோலர் நிறுவன எஞ்சின்களில் பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் இக்னிஷன் காயில்தான். சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் வயரை இரண்டு வழியாகப் பிரியுங்கள். ஒரு வழி இருக்கை சுவிட்ச் மூலம். மற்றது, பி.டி.ஓ. விலகி, கிளட்சும் மிதிபட்டு பூட்டியிருந்தால் மட்டும் மின்சாரம் விடும் வழி. இரண்டில் ஒன்று சரியாக இருந்தால் எஞ்சின் ஓடும், இரண்டும் இல்லையென்றால் அணையும். நடுவில் ரிலே வைத்தால் சுவிட்சின் முனைகள் கருகாது. பேட்டரி இல்லாமல் தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ இக்னிஷன் உள்ள எஞ்சினில் இந்த வயரிங் கூடாது. அங்கே 12 வோல்ட் கொடுத்தால் காயில் போய்விடும். அணைக்கும் வயரை பாடியோடு எர்த் செய்வதே அதற்கு வழி. சோதிக்கும்போது டெக்கின் (பிளேடு உள்ள அடிப்பகுதியின்) பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். சுவிட்ச் எஞ்சினைத்தான் அணைக்கும். பிளேடு இன்னும் சில நொடி தானாகச் சுழலும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஸ்டார்டருக்கு மின்சாரம் விடும் சாலினாய்டை ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தொட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. கியரில் இருக்கும் வண்டி அப்படிக் கிளம்பினால், பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து நிற்பவர்மேல்தான் ஏறும். சாலினாய்டின் சிறிய டெர்மினலுக்குப் போகும் வயரில் கிளட்ச் சுவிட்சைச் சேர்த்துவிட்டால், சாவியைத் திருப்பும்போது பெடல் மிதிபட்டிருந்தால்தான் ஸ்டார்டர் சுழலும். ஆனால் ஸ்க்ரூடிரைவரை அந்த சுவிட்ச் தடுக்காது. அந்தப் பழக்கத்தை விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எஞ்சினுக்கு வருவோம். இந்த வண்டிகள் பலவற்றில் இருப்பது கோலர் கே வரிசை: கே181 என்றால் 8 குதிரைத்திறன், கே241 10, கே301 12, கே321 14, கே341 16. இவற்றில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு நுனி நீண்டிருக்கும். அது ஆயிலில் முங்கி எழுந்து உள்ளே எல்லா இடத்துக்கும் தெளிக்கும். ஆயில் குறைந்தாலோ, சரிவில் நின்றபடி நீண்ட நேரம் ஓடினாலோ அந்த நுனிக்கு ஆயில் எட்டாது. ராட் கிராங்கைப் பிடித்துக்கொண்டு உடையும், உடைந்த துண்டு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வெயில் காலத்தில் எஸ்.ஏ.இ. 30 ஆயில், 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றம். பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

ராட் உடைய இன்னொரு காரணம், எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் பிடித்துவைக்கும் கவர்னர். துருப்பிடித்த ஸ்பிரிங்குக்குப் பதில் கையில் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள், சிலர் கம்பியால் கட்டியும் இருப்பார்கள். இந்த எஞ்சினின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 3,600 சுற்று. டாக்கோமீட்டர் வைத்து அளந்து பாருங்கள், காதை நம்பாதீர்கள்.

வாங்கியதும் எஞ்சினை மூடியிருக்கும் தகரத்தைக் கழற்றவும். பல வருடம் கொட்டகையில் கிடந்த வண்டியென்றால் சிலிண்டர் துடுப்புகளுக்கிடையே எலிக்கூடு இருக்க வாய்ப்பு அதிகம். காற்று போகாமல் ஒரு பக்கம் மட்டும் சூடேறி பிஸ்டன் இறுகும். 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள கே எஞ்சின்கள் சிலவற்றில் அதிர்வைக் குறைக்க பேலன்ஸ் கியர்கள் உண்டு. அவை தேய்ந்து கழன்றால் பிளாக்கையே உடைத்துவிடும். எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால் அவற்றை எடுத்துவிடுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். அதிர்வு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். பேட்டரி இக்னிஷனில் பிளக் இடைவெளி 0.035 அங்குலம். ஸ்டார்டரும் ஜெனரேட்டரும் ஒன்றாக உள்ள வண்டியில் சார்ஜை ஒழுங்குபடுத்தும் ரெகுலேட்டரையோ வயர்களையோ கழற்றி மாட்டினால், எஞ்சின் நின்றிருக்கும்போது ரெகுலேட்டரின் பேட்டரி, ஜெனரேட்டர் டெர்மினல்களை ஒரு வயரால் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். இதைச் செய்யாததால் சார்ஜ் ஏறாமல் போய், நல்ல ஜெனரேட்டரையே மாற்றிவிடுவதும் உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயைக் கரைக்கும், அதனால் குழாய்களை முதல் நாளே மாற்றுங்கள். கிளட்ச் தட்டுகளிலும் பழைய கேஸ்கெட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்று பீய்ச்சித் துடைக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

புல்வெட்டும் டெக்கில் முதலில் பார்க்க வேண்டியது, புல் வெளியேறும் வாயில் உள்ள மடக்குத் தகடு. கழன்று தொலைந்திருப்பதுதான் வழக்கம். அது இல்லாமல் ஓட்டினால், பிளேடில் பட்ட கல் எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது. துருவேறி மெலிந்த டெக்கின் மேல் வெறுமனே பெயின்ட் அடித்து விற்பார்கள். சுத்தியலால் தட்டி, ஓசையைக் கேளுங்கள். சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே கூடாது. 15 டிகிரிக்கு மேல் சாய்ந்த இடத்தை விட்டுவிடுங்கள். இந்த வண்டிகளில் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் கிடையாது.

உழவுக்கு, மண்ணைப் புரட்டும் 10 அங்குல இறக்கைக் கலப்பை 10 அல்லது 12 குதிரைத்திறன் வண்டிக்குச் சரியாக இருக்கும். முதல் சால் போடும்போது வண்டி சமதளத்தில் நிற்கும். இரண்டாவது சாலிலிருந்து வலச் சக்கரங்கள் சாலுக்குள் இறங்கி வண்டி சாயும். அப்போது கலப்பை மண்ணுக்குச் செங்குத்தாக நிற்குமாறு சாய்வை மாற்ற வேண்டும். இதைச் செய்யாததால்தான் மண் புரளாமல் ஓரமாக ஒதுங்குகிறது. ஆழம் 5, 6 அங்குலம் போதும். சக்கரம் வழுக்கினால் வார்ப்பிரும்பு எடைகளைப் பின்சக்கரத்தில் மாட்டலாம். டயருக்குள் கால்சியம் குளோரைடு நீர் நிரப்பும் பழைய முறை ரிம்மைத் துருவேற்றும். பின்னால் எடை கூடிய வண்டியில் கிளட்சைப் படக்கென்று விடாதீர்கள். மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் எழும்பும். இழுக்கும் எதையும் அச்சுக்கு மேலே கட்ட வேண்டாம்.

பனி வீசும் கருவியில் அடைப்பு ஏற்பட்டால் எஞ்சினை அணைத்து, கம்பால்தான் தள்ள வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் பெல்ட்டில் இழுவிசை மிச்சம் இருக்கும். அடைப்பு விலகிய நொடியில் பிளேடு கால் சுற்று சுற்றும், விரல் போக அது போதும். அடைப்பின்போது தானே உடைந்து கியரைக் காக்கும் போல்ட்டுக்குப் பதில் கடினமான போல்ட் போட்டால், அடுத்த முறை உடைவது கியர்பெட்டி.

டெக்கோ கலப்பையோ தனியாக மலிவாகக் கிடைத்தால் வாங்கும் முன், மாட்டும் சட்டம், புல்லி, பெல்ட் மூன்றும் கூடவே வருகின்றனவா என்று பாருங்கள். கப் கேடட்டிலேயே 1971க்கு முன் வந்த குறுகிய சட்டக வண்டியின் டெக், அதற்குப் பின் வந்த அகலச் சட்டக வண்டிக்கு அப்படியே பொருந்தாது. ஜான் டியர் 110இல் வேகத்தை மாற்றும் புல்லி பெல்ட்டின் அகலத்தை வைத்தே இயங்குவதால், கடையில் கிடைக்கும் ஏறக்குறைய அதே அளவு பெல்ட் அங்கே வேலைக்கு ஆகாது. வண்டியின் தகட்டில் உள்ள மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு பாகம் தேடப் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.