பியாஃப் பார்க்கும்போது பின்காலைப் பாருங்கள்

முன்கால்களை விறைப்பாக நீட்டி நீட்டி நடக்கும் குதிரை, பின்கால்களில் எழுந்து நிற்கும் குதிரை. இந்த மாதிரி வீடியோக்களைக் காட்டி, "டாக்டர், நம்ம குதிரைக்கும் டிரெஸ்ஸாஜ் பழக்கலாமா?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். டிரெஸ்ஸாஜ் என்பது பழக்கிய குதிரையின் நடைக்கும் அசைவுகளுக்கும் மதிப்பெண் தரும் குதிரையேற்றப் போட்டி. இந்த இரண்டுமே அதில் கிடையாது.

முதலாவது ஸ்பானிஷ் வாக். சர்க்கஸில் கைதட்டல் கிடைக்கும், போட்டியில் மதிப்பெண் கிடைக்காது. இரண்டாவது, முறையாகச் செய்தால், லெவாட். பின்கால் மூட்டுகளை ஆழமாக மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, உடல் தரையோடு 30-35 பாகை சாய்வில் சில நொடி நிற்க வேண்டும். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் லிப்பிசானர் குதிரைகள் செய்வது இதைத்தான். அந்தரத்தில் எழும்பிப் பின்னால் உதைக்கும் கப்ரியோலும் அங்கே உண்டு. அங்கேகூட எல்லாக் குதிரைக்கும் இவை வராது. எதற்கு எது இயல்பாக வருகிறதோ அதையே பழக்குகிறார்கள். வீடியோக்களில் நான் பெரும்பாலும் பார்ப்பது வேறு: பின்கால்கள் குச்சி போல நேராக, முதுகு குழிந்து, வாய் திறந்து. அது லெவாட் இல்லை, கடிவாள வலிக்குத் தப்பப் பார்ப்பது.

உயர்பள்ளி எனப்படும் பழைய உயர்நிலைக் குதிரைப் பயிற்சி முறையிலிருந்து போட்டிக்கு வந்து சேர்ந்தவற்றில் முக்கியமானவை பியாஃப், பாசாஜ். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில்தான் இவை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டன. பாசாஜ் என்பது மெதுவான, மிதக்கும் டிராட் (மூலைவிட்டக் கால்கள் ஜோடியாக எழும் துள்ளுநடை). பியாஃப் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே போடும் டிராட். டிரெஸ்ஸாஜின் உயர்நிலைப் போட்டியான கிராண்ட் ப்ரீயில் 12 முதல் 15 எட்டுகள். இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கும் தனியாக.

நல்ல பியாஃபில் தூக்கிய முன்காலின் நுனி, மற்ற முன்காலின் முட்டிக்குக் கீழுள்ள நீள எலும்பின் நடுப்பகுதி வரை வரும். பின்கால் அதைவிடக் குறைவாக, மற்ற பின்காலின் ஃபெட்லாக் மூட்டுக்கு (குளம்புக்கு மேலுள்ள மூட்டு) சற்று மேலே மட்டும். பலருடைய கண்ணும் உயரத் தூக்கும் முன்காலிலேயே நின்றுவிடுகிறது. பின்பக்கம் தாழாமல் மேலே எகிறினாலோ, முன்கால்கள் வயிற்றுக்கு அடியில் பின்வாங்கினாலோ, எடை பின்கால்களுக்கு வராமல் இன்னும் முன்னாலேயே இருக்கிறது என்று அர்த்தம். ஓயாமல் சுழலும் வால், பல் கடிக்கும் சத்தம் எனப் பதற்றத்தின் அறிகுறிகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பியாஃப் பழக்கக் குறுக்கு வழி எப்போதும் சவுக்கால் காலைத் தட்டுவதுதான். உலகத் தரத்திலும் இது இருக்கிறது: குதிரையின் கால்களில் திரும்பத் திரும்பச் சவுக்கால் அடித்த வீடியோவுக்காக பிரிட்டனின் டிரெஸ்ஸாஜ் வீராங்கனை ஷார்லட் டுஜார்டின் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸிலிருந்து விலகினார், அப்புறம் ஓராண்டுத் தடையும் வந்தது.

என் மேசைக்கு வருவது இதன் மறுபக்கம். பின்காலின் நடுவிலுள்ள ஹாக் மூட்டுக்குக் கீழே, எலும்பின் பின்னால் ஓடும் சஸ்பென்சரி தசைநார் டிரெஸ்ஸாஜ் குதிரைகளில் அடிக்கடி பாதிக்கப்படும் இடம். வெளிப்படையாக நொண்டாது. ஒரு பக்கம் திரும்பத் தயங்கும், பியாஃபில் ஒரு கால் மட்டும் சோம்பலாக எழும். உடையவர் "பிடிவாதம்" என்பார். கிராண்ட் ப்ரீக்குக் குதிரைக்கு எட்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று விதி இருப்பது சும்மா இல்லை. நான்கு வயதுக் குதிரையைக் கொண்டுவந்து பியாஃப் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: இப்போது நேராக, தளர்வாக டிராட் போகட்டும். நேற்று வரை செய்ததை இன்று மறுக்கும் குதிரையாக இருந்தால், சரி, முதலில் அந்தத் தசைநாருக்கு ஸ்கேன் எடுப்போம்.