கிரிம்ப் சரியில்லையா? திருகைத் தொடுவதற்கு முன் தோட்டாவைப் பாருங்கள்

ஷாட்கன்களையும், சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் ரவையும் (சிறு உலோகக் குண்டுகள்) அடைத்துத் தோட்டா செய்யும் ரீலோடிங் பிரஸ்களையும் சரிபார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. கிரிம்ப் என்பது தோட்டாவின் வாயை உள்நோக்கி மடித்து மூடும் மடிப்பு. "பிரஸ்ஸில் கிரிம்ப் விழவே மாட்டேங்குது, செட்டிங் போயிடுச்சு" என்று கொண்டுவந்து வைப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிரஸ்ஸில் ஒரு குறையும் இருப்பதில்லை. கோளாறு தோட்டாவுக்குள் இருக்கும், அதைப் பார்க்காமல் வீட்டிலேயே எல்லாத் திருகையும் திருகிப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள், அப்புறம் எது முதலில் கெட்டது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

பொட்டலத்தின் வாயை மடிப்பது மாதிரி ரவை கொட்டாமல் மூடுவதுதானே கிரிம்ப் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். புகையில்லா வெடிமருந்து அழுத்தம் ஏறினால்தான் வேகமாக எரியும். தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் (பொறி வைக்கும் சிறு மூடி) தீப்பற்ற வைத்த அந்தக் கணத்தில் உள்ளே இருப்பதைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தி, மருந்து ஒழுங்காக எரிய ஆரம்பிக்கும்வரை பிடித்து வைப்பது இந்த மடிப்புதான். தளர்வாக இருந்தால் மருந்து அரைகுறையாக எரியும். தேவைக்கு மேல் ஆழமாக இருந்தால் அழுத்தம் கூடும். 12 போர், 70 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் அழுத்த வரம்பு 11,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அழுத்தம் எவ்வளவு ஏறியது என்று வீட்டு மேசையில் யாராலும் அளந்து பார்க்க முடியாது, அதனால்தான் இந்த விஷயத்தில் கண்டிப்பு வேண்டும் என்கிறேன்.

முதலில் கூடு. எந்தக் கம்பெனிக் கூடு, எத்தனை மடிப்பு? பெரும்பாலான இலக்குச் சுடும் தோட்டாக்களில் எட்டு மடிப்பு, வேட்டைத் தோட்டாக்கள் பலவற்றில் ஆறு. ஒருமுறை சுட்ட பிளாஸ்டிக் கூடு தன் பழைய மடிப்பை மறக்காது. எட்டு மடிப்புக் கூட்டின்மேல் ஆறு மடிப்பு ஸ்டார்ட்டரை (பிரஸ்ஸில் மடிப்பைத் தொடங்கி வைக்கும் பாகம்) போட்டு அழுத்தினால் பிளாஸ்டிக் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கசங்கும், நீங்கள் என்ன திருகினாலும் அது சரியாகாது. வாய்ப்பக்கம் கருகி, மடிப்புகளுக்கு நடுவே விரிசல் விட்ட கூட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் பார்க்கிற மிச்சம் மிச்சமே இல்லை. இன்னொன்று, பல கம்பெனிக் கூடுகளைக் கலந்து ஒரே செட்டிங்கில் ஓட்டாதீர்கள். வெளியே ஒரே அளவாகத் தெரிந்தாலும் உள்ளே சுவர் சரிவும் அடிப்பகுதியின் உயரமும் வேறு வேறு, எனவே உள்ளே கிடைக்கும் இடமும் வேறு.

அடுத்தது உயரம், அதாவது மருந்து, வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் அடைப்பு), ரவை மூன்றும் அடுக்கிய பிறகு மேலே மடிப்புக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பது. பிரச்சினையின் வேர் அதிகமும் இங்கேதான். 28 கிராம் ரவைக்கு ஓடிக்கொண்டிருந்த பிரஸ்ஸில் 24 கிராமுக்கு மாறி, வாட்டை மட்டும் பழையதையே வைத்துக்கொண்டால் உள்ளே பள்ளம் விழும், மடிப்பின் நடுப்பகுதி அதில் குழிந்து இறங்கும். மருந்தை மாற்றினாலும் இதே கதைதான், ஒரே எடையில் ஒரு மருந்து கொஞ்ச இடம் பிடிக்கும், இன்னொன்று பஞ்சு மாதிரி நிறையப் பிடிக்கும். இடம் போதாவிட்டால் மடிப்பு மூடாமல் மேலே புடைத்து நிற்கும். அதற்காகக் கையில் கிடைத்த வேறு வாட்டைப் போடுவதோ, மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பதோ கூடவே கூடாது. கூடு, பிரைமர், மருந்து, வாட், ரவையின் எடை ஐந்தும் சேர்ந்ததுதான் ஒரு லோடு. வெளியிடப்பட்ட லோடு அட்டவணையில் அந்தச் சேர்க்கை அப்படியே இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மடிப்பு சரியில்லை என்றால்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். சோதனைக்கு உயிருள்ள பிரைமர் வேண்டாம், சுட்ட பழைய பிரைமரையே திரும்ப அழுத்திவிட்டு மருந்து, வாட், ரவை எல்லாம் நிஜ அளவில் போட்டுப் பாருங்கள். முதலில் ஸ்டார்ட்டர், பிறகுதான் கடைசி கிரிம்ப். நடுவில் ஓட்டை நின்றால் ஸ்டார்ட்டர் போதவில்லை, கொஞ்சம் கீழே இறக்குங்கள். 9ஆம் எண் ரவையின் விட்டமே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான், அந்த ஓட்டை வழியாக ரவை ஒவ்வொன்றாகப் பையில் கொட்டும். நடுவில் இதழ்கள் முறுக்கிக்கொண்டு சுழி விழுந்தால் ஸ்டார்ட்டர் அதிகம், மேலே ஏற்றுங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கடைசி மடிப்பின் ஆழம் விளிம்பிலிருந்து சுமார் 1.3 மில்லிமீட்டர் இருந்தால் பொதுவாகச் சரி, உங்கள் அட்டவணையில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். வெர்னியரின் ஆழம் பார்க்கும் கம்பியால் அளங்கள், விரலால் தடவி "சரியாத்தான் இருக்கு" என்பது அளவு இல்லை. கூட்டின் உடம்பில் மடிப்புக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு வீக்கம் தெரிந்தால் அமுக்கியது அதிகம், அந்தத் தோட்டா துப்பாக்கியின் சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் இடம்) போகாமல் மாட்டிக்கொள்ளும்.

நூறு தோட்டா நன்றாக வந்துகொண்டிருந்த பிரஸ்ஸில் திடீரென்று ஒன்று புடைத்தோ குழிந்தோ வந்தால் திருகில் கை வைக்கவே வைக்காதீர்கள். திருகு தானாகப் பெரும்பாலும் மாறாது. புடைத்திருந்தால் மருந்து இரண்டு முறை விழுந்திருக்கலாம், குழிந்திருந்தால் மருந்தோ ரவையோ குறைவாக விழுந்திருக்கலாம், ரவை இறங்கும் குழாயில் அடைப்பும் இருக்கலாம். வேலையை நிறுத்துங்கள், அந்தத் தோட்டாவின் வாய்ப்பக்க இதழ்களைப் பிரித்துக் கொட்டி எடை பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் வந்த தோட்டாக்களையும் சேர்த்துத்தான். செட்டிங்கை மாற்றி அந்தப் புடைப்பை அமுக்கி மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரிம்ப் அழகாக விழுந்ததுதான் மிச்சம், உள்ளே இருந்த எச்சரிக்கை காணாமல் போனது.

சுடும்போது வழக்கமான வெடிச் சத்தத்துக்குப் பதில் "புஸ்" என்று வந்தால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். மருந்து சரியாக எரியாமல் வாட் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அதன்மேல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும், அதைப் பிடித்திருப்பது உங்கள் இடது கை. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி திறந்து, தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லையென்றால் தடியால் மெதுவாகத் தள்ளி எடுங்கள். குளிர் காலத்தில் தளர்ந்த கிரிம்ப்போடு இது இன்னும் அதிகமாக நடக்கும்.

செட்டிங் ஒத்து வந்ததும் லாக் நட்டை இறுக்கி, திருகின் மேலும் பிரஸ்ஸின் மேலும் சேர்த்து ஒரு மார்க்கர் கோடு போடுங்கள். பக்கத்தில் ஒரு சீட்டில் கூட்டின் பெயர், வாட், மருந்து, ரவை எடை, மடிப்பு ஆழம் ஆகியவற்றை எழுதி ஒட்டிவிடுங்கள். கூடு மாறினால் புதுச் சீட்டு, மறுபடி முதலிலிருந்து.