உகாண்டாவுக்குத் தன்னார்வலராகப் போகிறீர்களா? ஆறாவது மாதமும் கொசுவலையைக் கட்டுங்கள்

ஓராண்டு, ஈராண்டு தன்னார்வப் பணிக்காக உகாண்டாவுக்குக் கிளம்பும் செவிலியர்களும் ஆசிரியர்களும் பயணத்துக்கு முன் ஆலோசனை கேட்டு என்னிடம் வருவதுண்டு. பெரும்பாலும் முதல் கேள்வி, "டாக்டர், என்ன ஊசி போடணும்?" மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 2016-லிருந்து ஒரு முறை போட்டாலே ஆயுளுக்கும் செல்லும். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள். திரும்பி வரும்போது அது இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

ஊசி விஷயம் அவ்வளவுதான். என் கவலையெல்லாம் போய்ச் சேர்ந்து சில மாதம் கழித்து நடப்பதைப் பற்றியது.

முதல் மாதம் எல்லோரும் ஒழுங்காகத்தான் இருப்பார்கள். வலை கட்டுவார்கள், மலேரியாத் தடுப்பு மாத்திரை போடுவார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பார்கள். அப்புறம் ஊர் பழகிவிடும். மட்டோக்கே என்ற வாழைக்காய் மசியலும் போஷோ என்ற மக்காச்சோளக் களியும் நாக்குக்குப் பிடித்துவிடும், சப்பாத்தி தெருவிலேயே கிடைக்கும், பக்கத்து வீட்டார் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவார்கள். இதெல்லாம் நல்லதுதான், இப்படிப் பழகினால்தான் அங்கே வேலை செய்யவே முடியும். ஆனால் அதே நேரத்தில்தான் வலையில் ஓர் ஓட்டை விழுந்து தைக்காமல் கிடக்கும், மாத்திரை வாரத்துக்கு இரண்டு நாள் விட்டுப்போகும்.

நம்மவர்களிடம் இன்னொரு எண்ணமும் உண்டு. "நாங்க பார்க்காத மலேரியாவா, எங்க ஊரும் வெயில் ஊர்தானே?" வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கம்பாலா கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சாயங்காலம் சென்னையை விடக் குளுமையாகவே இருக்கும். வித்தியாசம் கிருமியில். சென்னையில் நாம் பார்த்த மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை: குளிர், காய்ச்சல், உடம்பை அடித்துப்போட்ட மாதிரி அசதி, ஆனால் உயிரைப் பறிப்பது அபூர்வம். உகாண்டாவில் மிகப்பெரும்பாலும் ஃபால்சிபாரம். காலையில் காய்ச்சலோடு நடந்து திரிந்தவரை மறுநாள் நினைவிழந்து கிடக்க வைக்கக்கூடியது. மூளை, சிறுநீரகம், ரத்தச் சர்க்கரை என்று ஒவ்வொன்றாக இழுத்துவிடும்.

உடன் வேலை செய்யும் உகாண்டாக்காரர் மலேரியா என்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மாத்திரையோடு வேலைக்கு வந்துவிடுவதைப் பார்ப்பீர்கள். குழந்தையிலிருந்தே திரும்பத் திரும்ப வந்து வந்து அவர் உடம்புக்கு ஓரளவு எதிர்ப்பு இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை, ஓராண்டு அங்கே இருந்தாலும் வந்துவிடாது. இதைச் சொல்லும்போது பலரும் தலையாட்டுகிறார்கள், மனதுக்குள் போகிறதா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

தடுப்பு மாத்திரை எது என்பதை உங்கள் உடல்நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். டாக்சிசைக்ளின் விலை குறைவு, தினமும் ஒன்று. சாப்பிட்ட பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். படுக்கப் போகும்போது ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும், "நெஞ்செரிச்சல் தாங்கல, விட்டுட்டேன்" என்று சொல்பவர்களில் பலர் இப்படிப் போட்டவர்கள்தான். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும், முழுக்கைச் சட்டை போடுங்கள். மெஃப்ளோகுவின் வாரம் ஒரு முறை போதும், ஆனால் மனச்சோர்வோ பதற்றமோ வலிப்போ முன்பு இருந்திருந்தால் அது வேண்டவே வேண்டாம், எனவே அந்த விஷயத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மாத்திரை போட்டாலும் வலை வேண்டும், மலேரியாக் கொசு கடிப்பது பெரும்பாலும் இரவில். மருந்து தோய்த்த வலையாக இருக்கட்டும். ஓரத்தை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகுங்கள், கால்மாட்டுப் பக்கம்தான் வழக்கமாகத் திறந்து கிடக்கும்.

காய்ச்சல் வந்தால்? அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் நீடித்தால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி பாருங்கள். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, வைடால் பரிசோதனை ஒன்றை வைத்து டைஃபாய்டு என்று முத்திரை குத்தும் பழக்கம் இருக்கிறது. அது நம்பகமான பரிசோதனை அல்ல.

என்னிடம் வந்த ஒரு செவிலியரைச் சொல்கிறேன். வட உகாண்டாவில் ஓராண்டு இருந்தவர், ஊருக்கு வந்தவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்து நாளில் காய்ச்சல். உள்ளூரில் பார்த்த இடத்தில் தட்டணுக்கள் குறைந்திருப்பதைப் பார்த்து டெங்கு என்று நினைத்து, நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். எங்கே இருந்து வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கண் மஞ்சளாகி, பேச்சு குழறிய நிலையில்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். ரத்தத் தடவலில் ஃபால்சிபாரம் நிறைந்து கிடந்தது. ஆர்ட்டிசுனேட் ஊசியில் பிழைத்தார். அங்கே இருந்தவரை கவனமாக இருந்த பெண் அவர். டாக்சிசைக்ளினையோ மெஃப்ளோகுவினையோ திரும்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும் என்பதைத்தான் அவரிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

விக்டோரியா ஏரியில் குளிக்க ஆசை வரும். தண்ணீரில் நத்தைகளிலிருந்து வெளியேறும் நுண்புழு, தோலைத் துளைத்து உள்ளே போய் பில்ஹார்சியா நோயைத் தரும். உள்ளூர்க்காரர்கள் குளிக்கிறார்களே என்றால், அவர்களில் பலருக்கும் அந்த நோய் இருக்கிறது. காலை நனைத்திருந்தால்கூட, கடைசியாக நனைத்து மூன்று மாதம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருந்தால் பிராசிகுவான்டெல் மாத்திரையில் சரியாகிவிடும்.

ஈரத் துணியை வெளியே காயப்போட்டால் ஒரு வகை ஈ அதில் முட்டையிடும், புழு தோலுக்குள் புகுந்து கட்டி மாதிரி வீங்கும். உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் நன்றாகச் சூடாக இஸ்திரி போட்டு உடுத்துங்கள். போடா போடா என்ற பைக் டாக்சியில் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள், இரவில் ஏறவே ஏறாதீர்கள். செவிலியர், மருத்துவராகப் போகிறவர்கள் வேலையில் சேரும் முதல் நாளே கேட்க வேண்டியது: நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நம் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை எங்கே இருக்கிறது, இரவில் சாவி யாரிடம்? 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது.

மனசு பற்றியும் சொல்லியாக வேண்டும், இதை யாரும் கேட்பதில்லை. இரண்டு மூன்று மாதத்தில் ஒரு சோர்வு வரும். மருந்து இல்லாத வார்டு, கண் முன்னால் போன குழந்தை, இரவில் கரண்ட் இல்லாத அறை. நான் வந்து என்ன பயன் என்று தோன்றும். உதவி செய்யப் போனவர் உதவி கேட்கக் கூச்சப்படுவார். கூச்சப்படாதீர்கள். தூக்கமில்லாமல் இரண்டு வாரம் போனால், அனுப்பிய அமைப்பின் பொறுப்பாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மெஃப்ளோகுவின் போடுகிறவர் என்றால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம். தூக்கம் கெட்டாலோ பயங்கரக் கனவு வந்தாலோ அது மாத்திரையின் வேலையாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் பேசி வேறு மாத்திரைக்கு மாறுங்கள்.

திரும்பி வந்தபின் ஓராண்டு வரை எந்தக் காய்ச்சலுக்கு எந்த மருத்துவரிடம் போனாலும், உட்கார்ந்தவுடன் முதலில் சொல்ல வேண்டியது: "நான் உகாண்டாவில் இருந்தேன், மலேரியா பாருங்கள்."