இடம் மாறிய எழுத்துகள்: இரண்டு சொற்களுக்கு நடுவே எவ்வளவு தொலைவு?

‘பகல்லைக்கழகம்’ என்று அச்சாகியிருந்தாலும் நம்மில் பாதிப் பேர் ‘பல்கலைக்கழகம்’ என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்போம். மெய்ப்புத் திருத்துபவர்களின் நெடுநாள் எதிரி இந்த வகைப் பிழைதான். எழுத்து விட்டுப்போனால் கண்ணில் உறுத்தும், வேறு எழுத்து நுழைந்தாலும் உறுத்தும். பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டு இடம் மாறிக்கொண்டால் மட்டும் கண் ஏமாந்துவிடுகிறது.

2003இல் இதை வைத்து ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றியது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவில் எப்படிக் குலைத்தாலும் படிக்க முடியும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கண்டுபிடித்ததாக அது சொன்னது. அப்படி ஓர் ஆய்வு கேம்பிரிட்ஜில் நடக்கவில்லை. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ராலின்சன் 1976இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு இதையொட்டிய பொருளைப் பேசியிருந்தது, அவ்வளவுதான். அந்த மின்னஞ்சலின் வாசகமும் கொஞ்சம் ஏமாற்று வேலை. குட்டிச் சொற்களைத் தொடாமல் விட்டு, நீண்ட சொற்களையும் பல இடங்களில் மென்மையாகவே குலைத்திருந்தார்கள்.

குலைத்தால் படிப்பவர் ஒரு விலை கொடுக்கத்தான் வேண்டும். கீத் ரெய்னர் குழுவினர் 2006இல் அதை அளந்து காட்டினார்கள். ஆங்கில வாக்கியங்களில் சொல்லின் நடுவே எழுத்துகள் இடம் மாறினால் வாசிப்பு வேகம் 11 சதவீதம் குறைந்தது. சொல்லின் முடிவில் மாறினால் 26, தொடக்கத்தில் மாறினால் 36 சதவீதம். ஆனாலும் விலை இவ்வளவு மலிவாக இருப்பது ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சொற்களை எப்படி அடையாளம் காண்கிறோம் என்பதை விளக்க உளவியலாளர்கள் வகுத்த பழைய மாதிரிகளால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. மெக்கிளெலண்டும் ரூமல்ஹார்ட்டும் 1981இல் வெளியிட்ட புகழ்பெற்ற மாதிரியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அறை உண்டு: முதல் அறையில் இன்ன எழுத்து, இரண்டாம் அறையில் இன்ன எழுத்து என்ற கணக்கு. எழுத்து பக்கத்து அறைக்கு நகர்ந்துவிட்டால், அந்த மாதிரியைப் பொறுத்தவரை அது தொலைந்தே போனது. வேறு எழுத்து வந்து உட்கார்ந்ததற்கும் உள்ளூர் எழுத்தே இடம் மாறியதற்கும் அங்கே வித்தியாசம் கிடையாது.

மனித மூளைக்கு அந்த வித்தியாசம் உண்டு என்பதை நிறுவும் சோதனை எளிமையானது. திரையில் முதலில் அர்த்தமற்ற குறிகளின் ஒரு வரிசை. பிறகு ஏறக்குறைய 50 மில்லி விநாடி மட்டும் ஓர் எழுத்துக்கோவை மின்னி மறையும். ஏதோ வந்து போனது என்பதுகூடப் பலருக்கு உறைக்காது. உடனே ஒரு முழுச்சொல் வரும். அது உண்மையான சொல்லா இல்லையா என்று பொத்தானை அழுத்த வேண்டும். மின்னி மறைந்தது அந்தச் சொல்லின் இடம் மாறிய வடிவமாக இருந்தால் விரல் சற்று முந்திக்கொள்கிறது. அதே இடங்களில் அந்நிய எழுத்துகளை வைத்தால் அந்த உதவி கிடைப்பதில்லை. மனுவேல் பெரேயாவும் ஸ்டீபன் லப்கரும் 2004இல் ஸ்பானிய மொழியில் காட்டியதுபோல, ‘கசினோ’வுக்கு முன்னால் ‘கனிசோ’ மின்னினாலும் உதவி கிடைக்கிறது. ரோமன் எழுத்தில் casino, caniso என்று எழுதிப் பார்த்தால், அங்கே இடம் மாறிய s, n அடுத்தடுத்த எழுத்துகள்கூட அல்ல.

ஆக, மூளையின் கணக்கில் சில கோவைகள் ஒரு சொல்லுக்கு ‘அருகில்’ இருக்கின்றன, சில ‘தூரத்தில்’ இருக்கின்றன. இந்த இடத்தில்தான் தூய கணிதம் உள்ளே வருகிறது. 1906இல் மொரீஸ் பிரேஷே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் தம் ஆய்வேட்டில் தொலைவு என்ற கருத்தை நிலத்திலிருந்தும் அளவுகோலிலிருந்தும் கழற்றி எடுத்தார். இன்று நாம் சொல்லும் வடிவில் அதன் நிபந்தனைகள் மூன்று. ஒரு பொருளுக்கும் அதற்கும் மட்டுமே தொலைவு சுழியம். போகும் தொலைவும் வரும் தொலைவும் ஒன்றே. மூன்றாவது இடத்தைச் சுற்றிப் போனால் வழி குறையக் கூடாது. இவை பொருந்தினால் எதற்கும் எதற்கும் இடையே தொலைவு பேசலாம். சொற்களுக்கு இடையிலும் பேசலாம். ஆனால் அப்படிப்பட்ட தொலைவுகள் எண்ணற்றவை. மூளை எதைப் பயன்படுத்துகிறது?

‘விளையாட்டு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வி, ளை, யா, ட், டு என ஐந்து எழுத்துகள். இடம் மாற்றினால் ‘வியாளைட்டு’. அந்நிய எழுத்துகளை நுழைத்தால் ‘விசூமோட்டு’.

ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் குறியீடுகளுக்காக வகுத்த தொலைவு, எத்தனை இடங்களில் எழுத்து வேறுபடுகிறது என்று மட்டும் எண்ணுகிறது. அதன்படி இரண்டு கோவைகளும் ‘விளையாட்டு’க்கு 2 அலகு தூரத்தில் இருக்கின்றன. அறை மாதிரி செய்த தவறும் இதுவே. கண்ணுக்கோ முதலாவது கிட்டத்தட்ட விளையாட்டு, இரண்டாவது வெறும் உளறல்.

இப்போது இடங்களை விட்டுவிட்டு, எந்த எழுத்துக்குப் பின்னால் எந்த எழுத்து வருகிறது என்பதை மட்டும் எண்ணுவோம், இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை என்று. விளை, வியா, விட், விடு, ளையா, ளைட், ளைடு, யாட், யாடு, ட்டு: மொத்தம் 10 சோடிகள். ‘வியாளைட்டு’வில் இவற்றுள் ‘ளையா’ ஒன்றுதான் தொலைகிறது, 9 தப்பிக்கின்றன. ‘விசூமோட்டு’வில் விட், விடு, ட்டு என மூன்றே மிஞ்சுகின்றன. ஹாமிங்கின் கண்ணில் ஒன்றாகத் தெரிந்தவை இங்கே 9 என்றும் 3 என்றும் பிரிந்துவிட்டன.

உளவியலில் இதற்குத் திறந்த சோடிகள் என்று பெயர். கரோல் விட்னி 2001இலும், ஜொனத்தன் கிரெய்ஞ்சரும் வால்டர் வான் ஹ்யூவனும் 2003இலும் இதையொட்டிய மாதிரிகளை முன்வைத்தார்கள். எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. இடைவெளிக்கு வரம்பு வைக்காமல், எழுத்து எதுவும் திரும்ப வராத சொல்லில் தொலைந்த சோடிகளை எண்ணினால் கிடைப்பது, மோரிஸ் கெண்டல் என்ற புள்ளியியலாளர் 1938இல் தரவரிசைகளை ஒப்பிட வகுத்த அளவில் உள்ள அதே எண்ணிக்கை. பக்கத்துப் பக்கத்துப் பொருள்களை மட்டுமே இடம் மாற்றி ஒரு வரிசையை இன்னொன்றாக்கக் குறைந்தது எத்தனை மாற்றங்கள் தேவையோ, அதுவும் இதே எண்தான். தேர்வில் யார் முதல், யார் இரண்டாவது என்ற கணக்கும் வாசிப்பு உளவியலும் சந்தித்துக்கொள்ளும் என்று கெண்டல் நினைத்திருக்க வாய்ப்பில்லை. கணிதத்தை அருவமாக்குவதன் லாபம் இதுதான். ஒருவர் செய்துவைத்த வேலை வேறொருவருக்கு அப்படியே கிடைக்கிறது.

2012இல் தாமஸ் ஹன்னகனும் கிரெய்ஞ்சரும் இன்னொரு படி போனார்கள். புரதங்களை ஒப்பிடும் உயிரித்தகவலியலில் ‘சரக் கெர்னல்’ என்றொரு கருவி உண்டு. புரதமும் அமினோ அமிலங்களாலான ஒரு நீண்ட எழுத்துக்கோவைதானே. எல்லாச் சோடிகளையும் சமமாக மதிக்காமல், இடைவெளி கூடக்கூட மதிப்பைக் குறைப்பது இந்தக் கருவியின் போக்கு. ஒட்டிய சோடிக்கு 1, நடுவே ஓர் எழுத்து இருந்தால் ½, இரண்டு இருந்தால் ¼, மூன்று இருந்தால் ⅛ என்று நாமே வைத்துப் பார்க்கலாம். தமிழின் 247 எழுத்துகளுக்கு 247 × 247 = 61,009 சோடிகள் சாத்தியம். எனவே ஒவ்வொரு சொல்லும் 61,009 பரிமாண வெளியில் ஓர் அம்பு. ‘விளையாட்டு’வின் அம்புக்கு அதில் 10 பரிமாணங்களில் மட்டுமே மதிப்பு, மற்றதெல்லாம் சுழியம். அந்த அம்புகளுக்கு நடுவே உள்ள கோணத்தின் கொசைன் மதிப்பே ஒற்றுமையின் அளவு. தாளில் போட்டுப் பார்த்தால் ‘வியாளைட்டு’க்கு 0.68, ‘விசூமோட்டு’க்கு 0.22 வருகிறது. கோணமாகச் சொன்னால் சுமார் 47 பாகை, 77 பாகை. அறுபத்தோராயிரம் பரிமாணங்களையும் யாரும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை என்பது கெர்னல் கணிதத்தின் சாமர்த்தியம். பொதுவான சோடிகளைக் கொண்டே விடை வந்துவிடும்.

மண்டைக்குள் சோடிகளை எண்ணும் நரம்பணுக்கள் இருக்கின்றனவா என்பது தனிக் கேள்வி. பக்கவாதத்துக்குப் பின் எழுத முடிந்தும் படிக்க முடியாமல்போன ஒரு நோயாளியை ழூல் டெஜரின் 1892இல் விவரித்தார். 2000இல் லோரான் கோஹன், ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழுவினர், மூளையின் இடப்பக்கம் பின்புற அடிப்பகுதியில் எழுத்துக்கோவைகளுக்கு இசைந்து செயல்படும் பட்டை ஒன்றைச் சுட்டினார்கள். அந்தப் பட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் சண்டை. பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆகாஷ் அகர்வால், கே.வி.எஸ். ஹரி, எஸ்.பி. அருண் ஆகியோர் 2020இல் சோடிகளே வேண்டாம் என்றார்கள். தனி எழுத்துகளுக்கான நரம்பணுக்களின் துலங்கலை இடத்துக்கு ஏற்ற எடையோடு கூட்டினாலே குலைந்த சொற்களின் வாசிப்பை விளக்கிவிடலாம் என்பது அவர்கள் வாதம். அதற்கு முந்தைய ஆண்டு தெலுங்கு, மலையாள வாசகர்களிடம் அவர்கள் கண்டதும் இதற்கு ஒத்தே இருந்தது: படிக்கத் தெரிந்த லிபியில், எழுத்துச் சோடியின் தோற்றத்தைத் தனி எழுத்துகளிலிருந்தே நன்றாகக் கணிக்க முடிந்தது. எனக்கும் இந்தச் சிக்கனமான விளக்கத்தின் பக்கமே சாய்வு அதிகம்.

கணிதம் இடறும் இடங்களும் உண்டு. பிரேஷேயின் இரண்டாவது நிபந்தனை, போகும் தொலைவும் வரும் தொலைவும் ஒன்று என்கிறது. ஆனால் மகன் அப்பாவை உரித்துவைத்திருக்கிறான் என்போம், அப்பா மகனை உரித்துவைத்திருக்கிறார் என்று சொல்வதில்லை. மனித ஒப்புமை இப்படி ஒருபக்கம் சாய்ந்தது என்று ஆமோஸ் டிவெர்ஸ்கி 1977இல் வாதிட்டார். அதற்கு ஒரு வழி, கொசைன் கணக்கில் வழக்கம்போல இரண்டு அம்புகளின் நீளத்தாலும் வகுக்காமல் அகராதிச் சொல்லின் நீளத்தைக் கொண்டே வகுப்பது. அப்போது கணக்கு சமச்சீர் இழக்கிறது. தொலைவு என்ற பெயரும் போய்விடுகிறது.

ஹீப்ரு இன்னும் பெரிய சங்கடம். ஹடாஸ் வெலானும் ராம் ஃபிராஸ்டும் 2007இல் இரு மொழி வாசகர்களுக்கு இடம் மாறிய சொற்கள் கொண்ட வாக்கியங்களைக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் பெரிய சேதமில்லை, ஹீப்ருவில் வாசிப்பு நிலைகுலைந்தது. ஹீப்ருச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரில் நிற்பவை. இரண்டு மெய்கள் இடம் மாறினால் வேறொரு வேரே வந்துவிடலாம். அவர்களே பிறகு காட்டியபடி, வேர் இல்லாத ஹீப்ருச் சொற்கள் ஆங்கிலத்தைப் போலவே இடமாற்றத்தைப் பொறுத்துக்கொள்கின்றன. அதாவது இரண்டு சொற்களுக்கு இடையிலான தொலைவை அந்த இரண்டு சொற்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அக்கம்பக்கத்தில் எத்தனை சொற்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கின்றன என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

தமிழுக்கோ அலகே ஒரு பிரச்சினை. மேலே நான் ‘ளை’யை ஓர் எழுத்தாக எண்ணினேன். ‘ள்’ என்றும் ‘ஐ’ என்றும் பிரித்து எண்ணியிருந்தால்? உயிர்களை மட்டும் இடம் மாற்றினால் ‘விளாயைட்டு’ கிடைக்கும். முழு எழுத்தே அலகு என்றால் ளை, யா இரண்டும் தொலைந்துவிட்டன, ஒற்றுமை 0.22, உளறலான ‘விசூமோட்டு’வின் மதிப்பேதான். ஒலிகளாகப் பிரித்தால் வ், இ, ள், ஐ, ய், ஆ, ட், ட், உ என ஒன்பது அலகுகள், 36 சோடிகள். ‘விளாயைட்டு’வில் 33 தப்பிக்கின்றன, ‘வியாளைட்டு’வில் 32. இப்போது உயிர் மாறியதுதான் அதிக நெருக்கம்! போதாக்குறைக்கு, ஐகாரக் குறி ஒலியில் மெய்க்குப் பின்னும் தாளில் மெய்க்கு முன்னும் நிற்கிறது. கண் பார்க்கும் வரிசைப்படி எண்ணினால் மூன்றாவதாக ஒரு விடை வரும். ஸ்பானிய மொழிச் சோதனையில் பெரேயாவும் லப்கரும் மெய்களை மாற்றியபோது கிடைத்த உதவி, உயிர்களை மாற்றியபோது கிடைக்கவில்லை. தமிழ் வாசகரின் திரையில் ‘விளாயைட்டு’வையும் ‘வியாளைட்டு’வையும் 50 மில்லி விநாடி மாற்றி மாற்றி மின்னவிட்டு, எதற்குப் பின் பொத்தான் முந்துகிறது என்று பார்த்தால், எந்த அலகில் படிக்கிறோம் என்பதற்கு நேரடிச் சான்று ஒன்று கிடைக்கும்.