ஒரு பைசாகூட இல்லாத பட்ஜெட்: ‘மாநில உமிழ்வுப் பாதீடு’

சரிபார்க்கச் சொல்லி வந்த ஒரு மொழிபெயர்ப்பில் ‘ஒஹாயோ மாநிலத்தின் நைட்ரஜன் ஆக்சைடு நிதிநிலை அறிக்கை’ என்று ஒரு வரி இருந்தது. நிதியமைச்சர் பெட்டியோடு சட்டமன்றத்துக்குள் நுழைந்து, மேசையைத் தட்டும் உறுப்பினர்களுக்கு நடுவே புகையைப் பற்றி வாசிப்பதுபோல் ஒரு காட்சி மனதில் ஓடியது. மூலத்தில் இருந்தது ‘ஸ்டேட் எமிஷன்ஸ் பட்ஜெட்’. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பட்ஜெட் என்றாலே நமக்கு வரியும் மானியமும்தான் நினைவுக்கு வரும். இந்தப் பட்ஜெட்டிலோ ஒரு பைசாகூடக் கிடையாது. இதில் எண்ணுவது டன் கணக்கில் புகை.

கொதிகலனுக்குள் நிலக்கரி கடும் வெப்பத்தில் எரியும்போது நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. துறைக்காரர்கள் ‘நாக்ஸ்’ என்று சுருக்கிவிடுவார்கள். வெயில் காலத்தில் இது மற்ற ஆவிகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனாக மாறும். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. சிக்கல் என்னவென்றால், ஒஹாயோவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் உயரமான புகைபோக்கிகள் விட்ட புகை காற்றோடு கிழக்கே போய் நியூயார்க், கனெக்டிகட் மக்களின் நெஞ்சை அடைத்தது. அடுத்த மாநிலத்தின் காற்றைக் கெடுக்காதே என்று அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்திலேயே ஒரு பிரிவு உண்டு. ‘நல்ல அண்டை வீட்டார் விதி’ என்று அதற்குப் பெயர். அதை வைத்துத்தான் 1998-இல் அந்த நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 22 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் ஓர் ஆணை போட்டது. மே முதல் செப்டம்பர் வரை நீளும் ஓசோன் பருவத்தில் உன் எல்லைக்குள்ளிருந்து இத்தனை டன் நாக்ஸ்தான் கணக்கில் ஏறலாம் என்றது. அந்த ‘இத்தனை டன்’தான் மாநில பட்ஜெட். வழக்குகளில் சில மாநிலங்கள் உதிர்ந்தாலும் திட்டம் நின்றது. 2003-இல் வடகிழக்கில் தொடங்கிய நாக்ஸ் பட்ஜெட் வணிகத் திட்டம், 2004-இல் மற்ற மாநிலங்களுக்கும் பரவி, 2008 கோடை வரை நடந்தது.

அப்படியானால் பட்ஜெட் என்ற சொல் இங்கே எப்படி வந்தது? கொஞ்சம் பின்னே போக வேண்டும். இன்றைய பிரான்சுப் பகுதியில் பழங்காலத்தில் பேசிய ‘கால்’ என்னும் மொழியிலிருந்து லத்தீனுக்குப் போன ‘புல்கா’ என்றால் தோல் பை. பிரெஞ்சில் அது ‘பூஜ்’ ஆகி, சின்னப் பை என்னும் பொருளில் ‘பூஜெத்’ ஆனது. நம் பாட்டிகள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைக்கு மாமன் மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு வந்து சில நூற்றாண்டுகள் அது பையாகவே கிடந்தது. 1733-இல் பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் வால்போலின் வரித் திட்டத்தைக் கிண்டலடித்து ‘பட்ஜெட்டைத் திறந்தாச்சு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு துண்டு நூல் வந்தது. சந்தையில் பையைத் திறந்து மருந்து விற்கும் போலி வைத்தியரோடு அவரை ஒப்பிட்ட கேலி அது. கேலியாக ஒட்டிய பெயர் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அரசாங்கத்தின் ஆண்டுக் கணக்குக்கே பெயராக நிலைத்துவிட்டது. பையிலிருந்து கணக்கு; கணக்கிலிருந்து ‘இதற்குள் முடித்துக்கொள்’ என்கிற அளவு. மூன்றாவது பொருள்தான் புகைக்குப் பொருந்துகிறது. ‘பட்ஜெட் இடிக்குது’ என்று கல்யாண வீட்டில் சொல்கிறோமே, அதே பொருள்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘நிதிநிலை அறிக்கை’ முதலிலேயே தள்ளுபடி. நிதியும் இல்லை, அறிக்கையும் இல்லை. ‘வரவு செலவுத் திட்டம்’ என்றால் செலவு ஓரளவு பொருந்தும், வரவு எங்கே? அடுத்து எல்லோர் கையும் போவது ‘உச்சவரம்பு’க்கு. நில உச்சவரம்புச் சட்டத்தால் பழகிய, திடமான சொல். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் திட்டம் நடந்த விதத்தைப் பார்த்தால் அது தப்பு.

ஏன் என்று காட்ட ஒரு கணக்கு போடலாம். மின்நிலையங்களுக்கான பங்கை முகமை கணக்கிட்ட வழி எளிது: பத்து லட்சம் பி.டி.யு. வெப்பத்துக்கு 0.15 பவுண்டு நாக்ஸ். (பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் ஆங்கிலேய அலகு. நம் வீட்டு ஏ.சி. பெட்டியிலும் அச்சடித்திருக்கும்.) கோடை ஐந்து மாதத்தில் ஒரு மாநிலத்தின் மின்நிலையங்கள் இரண்டு கோடி ‘பத்து லட்சம் பி.டி.யு.’ எரிக்கும் என்று வையுங்கள். 0.15-ஆல் பெருக்கினால் 30 லட்சம் பவுண்டு. அமெரிக்க டன்னுக்கு 2,000 பவுண்டு. ஆக 1,500 டன். மாநிலம் 1,500 அனுமதிகளை எடுத்துத் தன் ஆலைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஓர் அனுமதிக்கு ஒரு டன். புகைபோக்கியிலேயே பொருத்திய கருவி மணிக்கு மணி அளவெடுக்கும். நவம்பர் 30 நள்ளிரவு வரை கெடு; அதற்குள் ஆலையின் கணக்கில், விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் அனுமதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஞ்சிய ஒரு டன்னுக்கு மூன்று அனுமதிகள் அடுத்த ஆண்டுப் பங்கிலிருந்து போய்விடும்.

இப்போது நம் மாநிலத்து ஆலைகள் எல்லாம் சேர்ந்து 1,620 டன் விட்டுவிட்டன. தப்பா? இல்லை. பக்கத்து மாநிலத்து ஆலை ஒன்று அம்மோனியா செலுத்தி வினையூக்கியில் நாக்ஸை உடைக்கும் சாதனத்தை மாட்டியதால் அதன் கையில் அனுமதி மிச்சம். அதனிடம் 120 வாங்கிக் கணக்கில் போட்டால் முடிந்தது. மொத்த வட்டாரமும் தன் கூட்டுத்தொகைக்குள் இருந்தால் போதும். மாநில பட்ஜெட் என்பது அந்த மாநிலம் எவ்வளவு புகை விடலாம் என்பதன் அளவு இல்லை. அந்த மாநிலம் எத்தனை அனுமதிகளைப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதன் அளவு. உச்சவரம்பு என்று எழுதினால் இந்த நுட்பம் செத்துவிடுகிறது. 2008-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இதற்கு அடுத்து வந்த திட்டத்தில் கண்ட கோளாறுகளில் ஒன்று இதுதான்: வாங்கி விற்று வட்டாரக் கணக்கைச் சரிக்கட்டினால், குறிப்பிட்ட ஒரு மாநிலத்தின் புகை குறைந்ததற்கு என்ன உறுதி? அதனால் 2011-இல் புதிதாக எழுதிய விதிகளில் பட்ஜெட்டுக்கு மேல், ஓசோன் பருவத்துக்கு 21 விழுக்காடு கூட்டி, ‘உறுதிநிலை’ என்று ஒரு கோடு போட்டார்கள். அதைத் தாண்டினால் கூடுதல் தண்டம். உச்சவரம்பு என்ற சொல்லை வைப்பதானால் அந்தக் கோட்டுக்கு வைக்கலாம்.

‘ஒதுக்கீடு’ என்றால்? நல்ல சொல்தான். ஆனால் மாநிலம் ஆலைகளுக்குப் பிரித்துத் தரும் அடுத்த படிக்கு அது வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ‘ஒதுக்கீட்டிலிருந்து ஒதுக்கீடு’ என்று எழுத நேரும்.

அப்புறம்தான் இலங்கைப் பத்திரிகைகள் நினைவுக்கு வந்தன. அங்கே அரசின் பட்ஜெட்டுக்குப் ‘பாதீடு’ என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் கேட்டால் புதுச்சொல் என்று நினைப்பார்கள். தொல்காப்பியத்தில் வெட்சித் திணையின் துறைகளை அடுக்கும்போது ‘தந்துநிறை, பாதீடு, உண்டாட்டு’ என்று வருகிறது. கவர்ந்து வந்த ஆநிரையை ஊரில் நிறுத்தி, போரிட்டவனுக்கு இத்தனை, ஒற்று அறிந்து சொன்னவனுக்கு இத்தனை, நிமித்தம் பார்த்தவனுக்கு இத்தனை என்று பங்கிடுவதுதான் பாதீடு. பகுத்து உண்ணும் உணவைக் குறளில் ‘பாத்தூண்’ என்கிறாரே வள்ளுவர், அந்தப் பகுத்தல்தான் இங்கேயும்.

நிதிக்கு இந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்று இலங்கைக்காரர்கள் சொல்லட்டும். உமிழ்வுக்கு அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. மொத்த மாடுகள் எண்ணப்பட்டவை. யாருக்கு எத்தனை என்பதுதான் கேள்வி. பங்கு கையில் வந்தபின் அவரவர் விற்கலாம், வைத்துக்கொள்ளலாம். புகையைப் போய் ஆநிரையோடு ஒப்பிடுவதா என்று கேட்கலாம். ஓர் அனுமதி ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறிய காலம் உண்டு. மாட்டை விட மோசமில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்ல வேண்டும். மாடு அடுத்த ஆண்டு கன்று போடும், இது தேய்ந்துவிடலாம். எல்லோரும் சேமித்து வைத்த அனுமதி மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், சேமிப்பில் ஒரு பகுதியை இரண்டுக்கு ஒன்று என்றுதான் பயன்படுத்த முடியும் என்று விதி இருந்தது.

‘அனுமதி’ பற்றியும் ஒரு வார்த்தை. மூலச்சொல் ‘அலவன்ஸ்’. அதைப் ‘படி’ என்று எழுதினால் அகவிலைப்படி போலச் சம்பளச் சீட்டு வாசனை வரும். ‘உமிழ்வுரிமை’ என்று சிலர் எழுதுகிறார்கள், கேட்க அழகு. ஆனால் இது சொத்துரிமை இல்லை, வரம்புள்ள இசைவுதான் என்று விதியே கையோடு சொல்லிவிடுகிறது. எனவே ‘உமிழ்வு அனுமதி’ போதும்.

நைட்ரஜனுக்கு நம் உழவர்களின் சொல் ‘தழைச்சத்து’. உர மூட்டைக்கு அருமையான சொல், புகைபோக்கிக்கு ஆகாது. ‘நைட்ரஜன் ஆக்சைடுகள்’ என்று பன்மையிலேயே எழுதுவது நல்லது. இதில் சறுக்கியவர்களில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் உண்டு. மாநில பட்ஜெட்டுகளை மறுபடி இறுக்கிய 2023-ஆம் ஆண்டின் திட்டத்தை 2024 ஜூன் 27 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் நிறுத்திவைத்தார்கள். நீதிபதி கோர்சச் எழுதிய அந்தத் தீர்ப்பு முதலில் வெளியானபோது, நைட்ரஜன் ஆக்சைடுகள் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து தடவை ‘நைட்ரஸ் ஆக்சைடு’ என்று இருந்தது. பல் பிடுங்கும்போது கொடுப்பார்களே, அந்தச் சிரிப்பூட்டும் வாயு. பிறகு திருத்திய பிரதியை ஏற்றினார்கள்.